நாற்பத்தொன்றாவது மனு

சேசு மரி சூசை

தருவைகுளம்,
ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்பும் மரியாதையும் உரிய என் கணவர் அமலன் அவர்களுக்கு,

உங்கள் விஜிலா எழுதுகிறேன். நானும் மகள் ஜெனிஷாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் பதில் வரும். காலில் ஆணி ஏறி ரத்தம் ஒழுகியபோதும் அதையேதான் சொன்னீர்கள்.

முதலில் இன்னொருவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் அந்தச் சிறையில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் பிரித்துப் படிப்பார் என்று வக்கீல் ஜெபசுதா சொன்னார். ஐயா, வணக்கம். அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் படிப்பது உங்கள் உத்தியோகம், அதில் எனக்குக் கோபமில்லை. பாதியில் விட்டுவிடாமல் முழுவதும் படியுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கடல் எல்லை தாண்டியதாக நீங்கள் ஆறு பேரும் பிடிபட்ட செய்தி பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. திருவிழாவுக்கு எடுத்த கவுனை ஜெனிஷா போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. தூத்துக்குடிக்கு நாங்கள் போகவும் இல்லை.

வழக்கம்போல மனு எழுதினேன். ஊரில் யார் பிடிபட்டாலும் பெண்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். இதுவரை நாற்பது மனு எழுதியிருக்கிறேன், நகலெல்லாம் பீரோவில் இருக்கிறது. 'இயந்திரக் கோளாறு காரணமாகக் காற்றின் போக்கில் எல்லை தாண்ட நேர்ந்தது' என்ற வரி எல்லா மனுவிலும் உண்டு. மீனைத் துரத்திக்கொண்டு தெரிந்தே போனவர்களுக்கும் அதைத்தான் எழுதினேன். பிடிபட்டவர்களும் அங்கே அதையேதான் சொல்வார்கள். அப்பன் காலத்திலிருந்து அப்படியே பழகிவிட்டது.

நாற்பத்தொன்றாவதாக உங்களுக்கு எழுதினேன். கலெக்டர் ஆபீசில் மனுவை வாங்கிய எழுத்தர் அந்த வரியில் விரலை வைத்து, “ஏம்மா, உங்க ஊரு எஞ்சினெல்லாம் கரெக்டா எல்லைக்கோட்டுல போயித்தான் நிக்குமோ?” என்று கேட்டுச் சிரித்தார். என்னோடு வந்த பெண்களில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்கள் கியர் பாக்ஸ் நிஜமாகவே உடைந்தது, கச்சான் காற்று நிஜமாகவே கிழக்கே தள்ளியது என்று அந்த மனிதரிடம் எந்த வார்த்தையைப் போட்டுச் சொல்வது? இருந்த ஒரே வரியை நான்தான் நாற்பது தடவை செலவழித்துவிட்டேனே.

படகு முதலாளி நேசக்குமார் வந்து போனார். முற்றத்தில் நாற்காலி போட்டேன், காப்பி கொடுக்கவில்லை. ஆறு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஐந்து பேர் அடுத்த வாரமே வந்துவிடுவார்களாம். நீங்கள் மட்டும் இருக்க வேண்டி வருமாம். “ஒருத்தன் இருந்தா அஞ்சு பேரு வாரான் தங்கச்சி. ரேஷனு, பிள்ள படிப்பு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றார். கிளம்புகிற அன்று கியர் பாக்ஸில் சத்தம் வருகிறது என்று நீங்கள் அவரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். இந்த ஒரு தங்கல் மட்டும் கடலுக்குப் போய்விட்டு வா, பார்த்துக்கொள்ளலாம் என்றார். வழக்கு நடந்தால் அந்தப் பேச்சும் வெளியே வரும். அவருக்கு ஏன் இத்தனை அவசரம் என்று இப்போது புரிகிறதா?

அதனால் சொல்கிறேன், கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வருஷம் முன்பு இதே நாட்டில் பிடிபட்டு, வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்கள். அது பதினெட்டு மாதத் தண்டனை என்றும், அதை ஒத்திவைத்துத்தான் அனுப்பினார்கள் என்றும் ஊருக்கு வந்த பிறகுதான் நமக்கே தெரிந்தது. இன்னொரு தடவை ஒப்புக்கொண்டால் பழையதும் புதியதும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதானே நான் மீன் ஏலக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தேன். பிடிபட்டால் என்ன கேட்கலாம், எதை மறுக்கலாம் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் ஒரு நாள்கூட வந்து உட்காரவில்லை. பெண்டாட்டி பாடம் எடுக்கிற இடத்தில் புருஷன் உட்காருவதா என்ற வெட்கம். இப்போது தப்பிக்க முடியாது, கதவு வெளியே பூட்டியிருக்கிறது. கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் குற்றத்தைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. மொழிபெயர்ப்பாளரைக் காசில்லாமல் தர வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இது விஜிலா சொல்கிற சட்டமில்லை. உலக நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கையில் பதினான்காம் பிரிவு. நம் நாடும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அந்த நாடும் போட்டிருக்கிறது.

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுப் போடுங்கள். இருமல் வந்தால் மருந்து கேளுங்கள், அதுவும் உரிமைதான்.

மாதா உங்களைக் கண்ணிமைபோல் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
விஜிலா


சேசு மரி சூசை

தருவைகுளம்,
ஆகஸ்ட் 31, ஞாயிறு

என் அன்புள்ள கணவருக்கு,

தூதரக அதிகாரியின் தயவில் போனில் மூன்று நிமிஷம் உங்கள் குரலைக் கேட்டேன். அந்த மூன்று நிமிஷத்தில் நீங்கள் சொன்னது இரண்டே விஷயம். என் கடிதத்தில் நான்கு வரியைக் கறுப்பு மையால் அடித்துத்தான் கொடுத்தார்கள் என்பது ஒன்று. “நான் போட்டுடுதேன் விஜிலா. நான் ஒருத்தன் இருந்தா அஞ்சு பேரு வீட்டுக்குப் போவாம்லா” என்றது இன்னொன்று. நான் பதில் பேசாததற்குக் காரணம் அழுகை என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, கோபம். வாயைத் திறந்திருந்தால் தூதரக அதிகாரியின் காது கெட்டுப்போயிருக்கும்.

கறுப்பு மை வைத்திருக்கும் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அடித்த நான்கு வரியும் உங்கள் அரசாங்கம் சம்மதித்து ஒப்பமிட்டவை. உங்கள் அரசாங்கத்தின் வார்த்தையை நீங்களே அடித்திருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை வேறு நாட்டில் மாட்டிக்கொண்டால் அந்த நான்கு வரியைத்தான் தேடுவீர்கள். பதினான்காம் பிரிவு என்று மறுபடி எழுதுகிறேன். மறுபடி அடித்தால் மறுபடியும் எழுதுவேன். உங்களிடம் மை எத்தனை புட்டி இருக்கிறது என்று பார்க்கலாம்.

இனி ஊர்ச் செய்தி. ஊர் என்னோடு பேசுவதில்லை. படகில் டிரைவர் சொல்வதுதான் எல்லாருடைய வாக்கும், டிரைவரான நீங்கள் குற்றத்தை மறுத்தால் ஆறு பேரும் மறுக்கத்தான் செய்வார்கள், அதனால் ஆறு பேரும் உள்ளேயே கிடப்பார்கள் என்று நேசக்குமார் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

போன ஞாயிறு வகுப்புக்கு முப்பது பேர் வருகிற இடத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். உங்களோடு பிடிபட்ட கூட்டாளி செபாஸ்டின் அண்ணனின் மனைவி ஞானசௌந்தரி மதினி வாசலிலேயே நின்றுகொண்டு, “ஏளா விஜிலா, நீ ஊருக்குப் பாடம் எடுக்க எங்க வீட்டு ஆளா கெடச்சாவ? ஒம் புருசனுக்காவ எம் பிள்ளையளு பட்டினி கெடக்கணுமோ?” என்று கேட்டார். சத்தம் வெளியே சாலை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன்.

அன்றைக்குப் பாடம் வேறு வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, பீரோவிலிருந்து கொண்டுபோன நாற்பத்தொரு நகலையும் மேசைமேல் வைத்தேன். எல்லாம் நான் எழுதியது, முதல் நாற்பதில் எஞ்சின் பழுது என்று எழுதியதில் இரண்டோ மூன்றோ தவிர எல்லாம் பொய், அது பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன் என்று சொன்னேன். உரிமையைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டே பொய் மனு எழுதினேன். இப்போது என் புருஷனுக்கு அது நிஜமாக நடந்திருக்கிறது, நம்புவதற்கு ஆளில்லை. இனி யாருக்கும் அந்த வரியை எழுதமாட்டேன். மீனுக்காகப் போனவருக்கு மீனுக்காகப் போனார் என்றுதான் எழுதுவேன், அவருக்கும் மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் கேட்க முழு உரிமை உண்டு. தப்பே செய்தவனுக்கும் நியாயமான விசாரணை உண்டு என்பதுதான் பாடம், இத்தனை நாள் அதை நான் தலைகீழாக எடுத்திருக்கிறேன் என்றேன்.

கூடத்தில் கலவரம்தான். எல்லை தாண்டினோம் என்று நீயே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு ஒருத்தனாவது கடலுக்குப் போக முடியுமா என்று ஆண்கள் கத்தினார்கள். ஊரைக் காட்டிக்கொடுக்கிறவள் என்றும் ஒருவர் சொன்னார். பெயரை எழுதவில்லை, வந்து நீங்கள் சண்டை போடுவீர்கள்.

இன்றைக்குப் போனால் ஏலக்கூடத்தில் பூட்டு. மீனவர் சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்களாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்டுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து வகுப்பு எடுத்தேன். நான்கு பேர் வந்தார்கள், அதில் ஒன்று நம் ஜெனிஷா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை வெளியே நிற்கச் சொன்னபோது, என்ன குற்றம் என்று முதலில் சொல்லுங்கள் மிஸ் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன், வீட்டுக்கு வந்து அவளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் நல்லவர்தான் என்று எனக்குத் தெரியும். அந்த நல்ல குணத்தை நேசக்குமாரும் தெரிந்துவைத்திருக்கிறார், அதில்தான் எனக்கு ஆத்திரம். செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்வது தியாகமில்லை. உடைந்த கியர் பாக்ஸோடு அடுத்த படகையும் அவர் அனுப்புவார். ஆறு பேரும் ஒரே வாக்குத்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவரவர் பதிலை அவரவர் சொல்லலாம் என்று ஜெபசுதா எழுதியே கொடுத்திருக்கிறார். கூட்டாளிகளிடம் அதைச் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்களுக்குப் பொறுமையும் எனக்குக் கொஞ்சம் வாயடக்கமும் கொடுக்கட்டும்.

கோபத்தோடும் அன்போடும்,
விஜிலா


சேசு மரி சூசை

தருவைகுளம்,
செப்டம்பர் 14, ஞாயிறு

என் உயிரான கணவருக்கு,

விசாரணை 23ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அங்கே உங்களுக்காக ஆஜராகும் வக்கீலுக்கு ஜெபசுதா அனுப்பும் கட்டோடு வருகிறது. அதனால் கறுப்பு மை ஐயாவுக்கு இந்தத் தடவை வேலை குறைவு. இருந்தாலும் அவர் கைக்குப் போனால் என் வணக்கம்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. செந்தூர்வேலைத் தெரியும்தானே, நமக்கு அடுத்த படகின் டிரைவர். போன திங்கள்கிழமை மத்தியானம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் அண்ணாச்சி என்றால் வரமாட்டேன் என்கிறார். தலையைக் குனிந்துகொண்டே, “அன்னைக்கு அமலன் வயர்லெஸ்ல கூப்ட்டத நான் கேட்டேன்மா. கியர் ஒடஞ்சிட்டு, இழுத்துட்டுப் போவுது, யாராவது வாங்கன்னு மூணு தடவ கூப்ட்டான்” என்றார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நான் அப்ப கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன். ரோந்துக் கப்பல் வெளிச்சத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். சொன்னா நானும் மாட்டுவம்லா” என்றார்.

நீங்கள் கூப்பிட்டபோது அவர் வரவில்லை. முதலில் அடிக்கத்தான் தோன்றியது எனக்கு. ஆனால் இப்போது ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னதைக் கேட்டுக் கை இறங்கிவிட்டது. அன்று ஏலக்கூடத்தில் சன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எல்லார் முன்னாலும் நான் அத்தனை பொய்யை ஒத்துக்கொண்ட பிறகு ஒரு பொய்யை வைத்துக்கொண்டு தன்னால் சோறு தின்ன முடியவில்லை என்றார்.

மறுநாளே தூத்துக்குடிக்குப் போனோம். நான் எல்லை தாண்டி நின்றேன், அங்கே நின்றதால்தான் அந்தக் குரல் எனக்குக் கேட்டது என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதனால் என்னென்ன வரலாம் என்று ஜெபசுதா ஒன்றுவிடாமல் விளக்கினார். கடலுக்குப் போகும் அனுமதியே போகலாம் என்றும் சொன்னார். செந்தூர்வேல் முழுவதையும் தமிழில் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். வகுப்பு வீண்போகவில்லை. கிளம்பும் அன்று நேசக்குமாரிடம் நீங்கள் பேசியதை நானும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாளி காதுக்கு அது போய்விட்டது. வாசல் பக்கம் வருவதில்லை, ரேஷன் பேச்சும் இல்லை.

செய்தி பரவியதும் ஞானசௌந்தரி மதினி வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நானும் தயாராக நின்றேன். அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். செபாஸ்டின் அண்ணனுக்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதினேன்: “போட்டுட்டு வந்தா அடுத்த தடவ நமக்கும் அமலன் கதிதான். மீனுக்காவ போயிருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன். நடக்காதத நடந்துச்சின்னு எப்படிப் போடுவிய? பிள்ளையள நான் பாத்துக்கிடுதேன்.” எழுதி முடித்ததும் என்னையே திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஏலக்கூடத்துக்குப் போய், கழுவுகிறதும் கூட்டுகிறதும் நாங்கள், பூட்டு மட்டும் யாருக்கு என்று காவல்காரரிடம் சண்டை போட்டுச் சாவியை வாங்கி வந்துவிட்டார். இன்றைய வகுப்பு உள்ளேதான் நடந்தது. நாற்பது பேருக்குக் குறையாது.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து வீட்டில் மூன்று வீடு மறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. இரண்டு வீடு போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறது. ஒரு வீட்டில் தாய்க்கு டயாலிசிஸ், இன்னொரு வீட்டில் இந்த மாதம் பிரசவம். அவர்களை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். நானும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் உங்கள் வழக்கு கொஞ்சம் இடறும் என்று ஜெபசுதா சொல்கிறார். இடறட்டும். செந்தூர்வேல் வாக்குமூலம் இருக்கிறது, உண்மை இருக்கிறது.

ஆனாலும் பயமில்லை என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பயம்தான். நீதிபதி நம்பாமல் போகலாம். என் பேச்சைக் கேட்டு நீங்கள் இரண்டு வருஷம் உள்ளே இருக்க நேரிட்டால், வளர்ந்த பிறகு ஜெனிஷா என்னைத்தான் கேட்பாள். அதனால் போன இரண்டு கடிதத்திலும் அதட்டி எழுதியதை இப்போது கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். அந்தக் கையெழுத்து நேசக்குமாருடையது இல்லை, என்னுடையதும் இல்லை. ஐந்து பேருக்காகவென்று போடவும் வேண்டாம், எனக்காகவென்று மறுக்கவும் வேண்டாம். நடந்தது என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள்.

எழுந்து நிற்கச் சொல்வார்கள். வேறு மொழியில் ஏதோ கேட்பார்கள். புரிந்ததுபோல் தலையாட்டிவிடாதீர்கள், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எனக்குத் தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். சொன்ன பிறகு மூச்சு விட்டு, நிதானமாக, கூடத்தில் கடைசியில் இருப்பவருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏலக்கூடத்தில் கூடுகிறோம். உங்களை எழுந்து நிற்கச் சொல்கிற நேரத்தில் நாங்களும் எழுந்து நிற்கப்போகிறோம். ஆறு வீட்டுப் பெண்களும் வருகிறார்கள், போட்டுவிட்டு வா என்று எழுதிய அந்த இரண்டு பேர் உட்பட. செந்தூர்வேல் வருகிறார். ஜெனிஷா திருவிழாக் கவுனைப் போட்டுக்கொண்டு வருவாளாம்.

பனிமய மாதா உங்கள் நாவில் இருக்கட்டும். உங்களை இப்போதே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், நிமிர்ந்து நில்லுங்கள், அத்தான்.

விஜிலா